வாய் திறந்த மெட்டி

சிப்பி மாலை கோத்துக்கொண்டிருந்தேன். சின்னச் சிப்பிக்கு மெல்லிய ஊசிதான் போடணும், கொஞ்சம் அழுத்தினால் உடைந்துபோகும். அதனால் நான் தலையைத் தூக்கவில்லை. முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. பூனைக்குட்டியின் வாலை யாரோ மிதித்துக்கொண்டே நிற்கிற மாதிரி ஒரு சத்தம். விடவே இல்லை.

எங்கள் கடை கோயில் கடற்கரையில், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கிறது. வேறு இடம் கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் தொட்டிலில் என் பெண்பிள்ளை தூங்குவாள், மாமியார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். பக்கத்தில் உயரமான விளக்குக் கம்பம், அதில் ஒலிபெருக்கி. அந்தப் பக்கம் பெண்கள் துணி மாற்றுகிற அறை. கடலில் குளித்துவிட்டு ஏறி வருகிறவர்கள் அந்த மணலில் உட்கார்ந்துதான் தலை துவட்டுவார்கள், கால் தட்டுவார்கள், கொண்டுவந்ததைத் தின்பார்கள். தின்றது போக மிச்சமெல்லாம் அந்த மணலுக்குத்தான்.

அங்கே ஒருத்தர் நின்றார். அறுபது வயது இருக்கும். கையில் மெட்டல் டிடெக்டர். நீளமான கம்பி, அடியில் வட்டத் தட்டு. அதுதான் அப்படிக் கத்தியது.

அவருக்கு எதிரே பட்டுராணியக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

பட்டுராணியக்காவைக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று சல்லடை போட்டுக் காசு அரித்தவள். இப்போது அவளிடமும் ஒரு பழைய மெஷின் இருக்கிறது. குளிக்கிறவர்கள் மோதிரத்தையோ தோட்டையோ தொலைத்துவிட்டு அழுதால் ஆட்கள் அவளைத்தான் கைகாட்டுவார்கள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

"அம்மா, நீங்கதான் எனக்கு இதைக் கத்துத் தரணும்," என்றார் அவர்.

சத்தமாகச் சொன்னார். ஊரில் மாவு மில் வைத்திருந்தவராம். மோட்டார் ஓட ஓடப் பேசிப் பழகின தொண்டை.

"அதுக்கு ஏன் அண்ணாச்சி இப்படிக் கூப்பாடு போடுறீங்க? நான் இங்கனதானே நிக்கேன். என்ன தொலைஞ்சுது? சொல்லுங்க, தேடித் தாரேன்."

"இல்ல. நான்தான் தேடணும்."

"ஏன், என் கை ஆகாதா?"

"நான் போட்டுவிட்டது அம்மா. நான்தான் எடுக்கணும்."

பிறகு அவர் சொன்னார். அவர் பேர் பலவேசம். ஆடி மாதம் வீட்டுக்காரியோடு குளிக்க வந்திருந்தார். குளித்து ஏறி, அவள் இந்த மணலில் உட்கார்ந்து கால் தட்டினாள். தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இடது பக்கம் விழுந்துபோனது. கையும் போச்சு, காலும் போச்சு, பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் திறந்தபோது இடது காலில் மெட்டி இல்லை.

"இப்ப வீட்டுல படுத்திருக்கா. நல்லா இருக்கிற கை சும்மா இருக்காது. மெல்ல மெல்லக் கீழே போகும். இடது கால் விரலைத் தடவும். ஒண்ணும் இருக்காது. என்னைப் பார்ப்பா. மறுபடி தடவுவா. மறுபடி என்னைப் பார்ப்பா."

"புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?"

"போட்டேனே. கல்யாணத்துல போட்ட அதே மாதிரி கேட்டு வாங்கிட்டு வந்து போட்டேன். தடவிப் பார்த்தா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டா."

அவர் மடியைத் தொட்டுக் காட்டினார். அந்தப் புது மெட்டியை அங்கே முடிந்து வைத்திருந்தார்.

அக்கா இடுப்பிலிருந்த கையை எடுத்து நீட்டினாள். "சரி, மெஷினைத் தாங்க," என்றாள்.

"அப்ப இன்னையிலிருந்து நீங்க குரு, நான் சீடன்."

"ஆமா, நாளைக்குக் காவி கட்டிக்கிட்டு வாரேன். தாங்க அண்ணாச்சி."

விளையாட்டுக்குச் சொன்னவர் அப்புறமும் அப்படியேதான் கூப்பிட்டார். அதனால் நானும் குரு, சீடர் என்றே சொல்கிறேன்.

குரு கேட்டாள்: "மெஷின் என்ன சொல்லுது?"

"கத்துது."

"எதைப் பார்த்து?"

"கீழே கிடக்கிறதைப் பார்த்துத்தான்."

குரு மெஷினைத் தூக்கித் தட்டைத் தன் நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டாள். அசைக்கவில்லை. அது முன்போலவே கத்தியது.

"இப்ப கீழே என்ன கிடக்கு?"

சீடர் தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காற்றுதான் இருந்தது.

குரு கண்ணால் மேலே காட்டினாள். டிரான்ஸ்பார்மர், கம்பிகள், அதற்கும் மேலே செல்போன் டவர்.

"காது எவ்வளவு வச்சிருக்கீங்க?"

காது என்று அவள் சொன்னது மெஷினில் இருக்கிற ஒரு திருகை. எவ்வளவு மெல்லிய சத்தம் வரைக்கும் கேட்கணும் என்று அதில்தான் கூட்டிக் குறைப்பது.

"முழுசா வச்சிருக்கேன்."

"குறைங்க."

"குறைச்சா ஆழத்துல கிடக்கிறது கேக்காதே குருவே. அவ மெட்டி எவ்வளவு ஆழத்துல கிடக்கோ!"

குரு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிறுத்தினாள். கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளின் பேரை அதில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். குரு நாலடி தள்ளி நின்று வாயை அசைத்தாள்.

"என்னது?" என்றார் சீடர்.

மறுபடி அசைத்தாள்.

"கேக்கலையே!"

சீடர் இரண்டு கையையும் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். உடனே முகம் சுளித்தார்.

"குருவே, அந்தப் பாழாப்போன குழாய்தான் காதைப் பிளக்குது!"

கையை எடுக்கச் சொல்லிக் குரு சைகை காட்டினாள். எடுத்தார். அவள் கிட்டத்தில் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள்.

"இப்ப?"

"இப்ப கேக்குது. வீட்டுக்காரி பேர் என்னன்னு கேக்கீங்க."

"இவ்வளவு நேரமும் அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கேன்."

"சண்முகவடிவு," என்றார் சீடர். அதை மட்டும் சத்தமில்லாமல் சொன்னார்.

பிறகு அவரே காதைக் குறைத்தார். பூனைக்குட்டி அடங்கியது. எப்போதாவது ஒரு தரம் சிணுங்கியது.

"ஆழத்துல கிடந்தா என்ன செய்ய?"

"தட்டை மணல்ல ஒட்டிப் பிடிங்க. மேல் மணலை வழிச்சுத் தள்ளுங்க. மறுபடி கேளுங்க. தூரத்துல நின்னு கேக்குறதுக்குக் கிட்டப் போறது மேல்."

"சிணுங்குதே, அது எல்லாத்தையும் தோண்டணுமா?"

"தட்டு போகும்போது கேட்டது, திரும்பி வரும்போதும் அதே இடத்துல கேக்குதான்னு பாருங்க. ஒரு தடவை கேட்டுட்டு ஓடுறது மேல இருந்து வருது. நீங்க எத்தனை தடவை திரும்பி வந்தாலும் அங்கேயே நின்னு கூப்பிடுதுன்னா, அது கீழே இருக்கு."

சீடர் தினமும் காலை பஸ்ஸில் வந்தார். மத்தியானம் வீட்டுக்காரிக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று போய்விடுவார். அதுவரைக்கும் மகள் பார்த்துக்கொள்வாளாம். வந்ததும் செருப்பை எங்கள் கடை ஓரத்தில் கழற்றிவிட்டுப் போவார். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நானும் பேச மாட்டேன். எனக்கு வேற்று ஆட்களிடம் பேச வராது.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"குருவே, பேப்பர்ல பார்த்தேன்! இன்னைக்குப் பராமரிப்பு வேலை. சாயங்காலம் வரைக்கும் ஊர் முழுக்கக் கரண்டு கிடையாது!"

பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஐஸ் உருகுகிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ஊரே வேகுது, உமக்கு மட்டும் பொங்கலா வே?" என்றார்.

"பொங்கல்தான்!" என்றார் சீடர்.

டிரான்ஸ்பார்மரின் இரைச்சல் நின்றிருந்தது. எனக்கே அந்த அமைதி புதிதாக இருந்தது. கடல் சத்தம் கடைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி. சீடர் மெஷினின் காதை முழுசாகத் திருப்பினார். தட்டை மணலில் வைத்தார்.

அது அலறியது. முன்னைவிட மோசமாக அலறியது. இடப்பக்கம் போனால் ஒரு சத்தம், வலப்பக்கம் போனால் ஒன்பது சத்தம்.

"என்ன குருவே இது? மேலதான் ஒண்ணும் இல்லையே!"

"இன்னைக்குத்தான் நீங்க கீழே இருக்கிறதைக் கேக்கீங்க."

அவர் தோண்டித் தோண்டி எடுத்தார். பாட்டில் மூடி. பந்தல் போட்ட ஆணி. துருப்பிடித்த பிளேடு. மாத்திரை அட்டை. மறுபடி மூடி. வேர்த்துப்போய் உட்கார்ந்தார்.

"இதுகளை எல்லாம் வாயை மூட வைக்க ஒரு வழி இருக்குமே?"

"இருக்கு. சல்லடை."

மெஷினில் இன்னொரு திருகை அவள் சல்லடை என்பாள். தண்ணீரில் நின்று அரித்த காலத்துப் பேச்சு அது. அதைக் கூட்டக் கூட்ட, வேண்டாத சத்தத்தை எல்லாம் மெஷின் நம்மிடம் சொல்லாமலே கீழே விட்டுவிடும்.

"எவ்வளவு கூட்ட?"

"எதைத் தேடுறீங்களோ அதை மெஷினுக்குக் காட்டுங்க. அது போய்விடாத அளவுக்குக் கூட்டுங்க."

சீடர் மடியிலிருந்து புது மெட்டியை எடுத்து மணலில் வைத்தார். தட்டை மேலே கொண்டுபோனார். பூஜை மணி மாதிரி ஒரு சத்தம், சுத்தமாக வந்தது. அவர் சல்லடையைக் கூட்டினார். ஆணி போனது. மூடி போனது. மாத்திரை அட்டை போனது. மணி மட்டும் நின்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கண் நிறைந்துவிட்டது.

"குருவே, இனி அவ குரல் மட்டும்தான் கேக்கும்."

குரு அந்தப் புது மெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "தேடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு கடை ஓரத்தில் சத்தமே இல்லை. காலையில் வருவார். செருப்பைக் கழற்றுவார். மணலை உழுகிற மாதிரி வரி வரியாக நடப்பார். கரண்டு இருந்தாலும் சத்தமில்லை, காதைத்தான் குறைக்கத் தெரியுமே. ஒரே ஒரு நாள் மணி அடித்தது. ஓடிப்போய்த் தோண்டினார். யாரோ போட்ட பழைய காசு.

குரு போகிற வழியில் கேட்பாள்: "கேட்டுதா?"

"இல்ல. ஆனா நல்ல அமைதி குருவே."

"ரொம்ப அமைதியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள்.

ஆனால் அந்த அமைதியில் அவர் முகம் இளைத்துக்கொண்டே வந்தது. இந்த இடமும் இல்லை என்றால் இனி எங்கே தேடுவது என்று ஒருநாள் கடலைப் பார்த்துக் கேட்டார். கடலிடம்தான் கேட்டார், எங்களிடம் இல்லை.

மறுநாள் குரு நேராக என் கடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏ கோமு, காலை நீட்டு."

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நீட்டுட்டி. யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க."

"அக்கா, அவங்க நிக்காங்க," என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன்.

"நின்னா நிக்கட்டும். அவருக்கு உன்னைவிடப் பெரிய மக இருக்கா."

நான் சிப்பிக் கூடையைப் பார்த்துக்கொண்டே இடது காலை மணலில் வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணாச்சி, இவ கால் மேல மெஷினை ஓட்டுங்க."

"ஐயோ, பொம்பளைப் பிள்ளை காலும்மா."

"மெஷினைத்தானே ஓட்டுறீங்க. ஓட்டுங்க."

தட்டு என் விரல்களுக்கு மேலே போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. ஒரு சத்தமும் இல்லை.

"மெஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை."

"இந்தப் பிள்ளை கால்ல மெட்டி கிடையாதுன்னு சொல்லுது."

சீடர் குனிந்து பார்த்தார். என் இரண்டாவது விரலில் மெட்டி இருந்தது. அவர் மெஷினைத் தட்டினார், பாட்டரியைத் தொட்டார், மறுபடி ஓட்டினார். சத்தமில்லை.

"இது வெள்ளி இல்லையாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வெள்ளி என்று தலையசைத்தேன். எங்கள் அம்மா போட்டது.

குரு சொன்னாள்: "வெள்ளிதான். ஆனா வாய் திறந்தது. வளையம் சுத்தி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, கொஞ்சம் இடம் விட்டு நிக்கும். வாய் மூடின மெட்டி மணி மாதிரிப் பேசும். வாய் திறந்தது அப்படிப் பேசாது. மாத்திரை அட்டை முனகுற மாதிரி முனகும்."

"அதைத்தான் குப்பைன்னு சல்லடையில விட்டுட்டேனே."

"ஆமா."

சீடர் மடியைத் தொட்டார். "ஆனா நான் வடிவுக்குப் போட்டது வாய் மூடினது குருவே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மி மேல காலை வச்சிருந்தா. நான் குனிஞ்சு போட்டேன். உள்ளே போக மாட்டேன்னு இறுக்கிச்சு. வலிக்குதான்னு கேட்டேன். சிரிச்சா. இதே மாதிரி, வாய் மூடினது."

"நீங்க போட்டது சரி. அவங்க போட்டிருந்தது?"

சீடர் மடியைத் தொட்டிருந்த கையை எடுத்தார்.

அன்றைக்கு அவர் மத்தியானம் வரைக்கும் இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சிப்பி கோக்காமலே இருந்தேன். என் மெட்டி வாய் திறந்தது என்று என் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வந்தார். மெஷினைத் தொடவில்லை. குரு வரும் வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்தார்.

"வாய் திறந்ததுதான்," என்றார்.

"பார்த்தீங்களா?"

"வலது காலைப் பிடிச்சுப் பார்த்தேன். கூச்சப்பட்டு இழுத்துக்கிட்டா. மறுபடி பிடிச்சேன். அப்ப விட்டுட்டா. வாய் திறந்துதான் இருக்கு. அடியில இருக்கிறதால மேல பார்த்தா தெரியாது."

"நீங்க போட்டது அதுதானா?"

"அதேதான். மூத்தவ வயித்துல இருக்கும்போது கால் வீங்கிப்போச்சாம். விரல் நீலம் பாரிச்சுதாம். கழட்டக் கூடாதுன்னு, அவளே அரிவாள்மனை நுனியை உள்ளே விட்டு நெம்பித் திறந்துக்கிட்டாளாம். ரெண்டு காலுக்கும். மகளுக்குக் கால் வீங்கினப்ப அவகிட்ட சொல்லியிருக்கா. மக சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

குரு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட சொல்லலையே குருவே."

"சொல்லலையா?"

சீடர் யோசித்தார். மணலைக் கையில் அள்ளி விட்டார்.

"மில்லு ஓடிக்கிட்டு இருந்திருக்கும்," என்றார்.

அப்புறம் எழுந்து மெஷினை எடுத்தார். சல்லடையைக் குறைத்தார். ஆணிச் சத்தத்தை மட்டும் விலக்கி வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் உள்ளே விட்டார். தட்டை மணலில் வைத்ததும் மண்ணுக்கடியில் ஒரு கூட்டமே முனகத் தொடங்கியது.

"குருவே, எல்லாமே அவ குரல்லயே கூப்பிடுதே. இதுல எதைத் தோண்ட?"

"கூப்பிடுறதை."

தோண்டினார். கோணிப்பை ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாத்திரை அட்டை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள். சோற்றுப் பொட்டலத்தின் பளபளக் காகிதம். ஒவ்வொன்றையும் எடுத்ததும் கோணிக்குள் எறிந்துவிட மாட்டார். வேட்டியில் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகுதான் பைக்குள் விடுவார். அப்படித் துடைக்கிறபோதெல்லாம் அவர் முகம் திறக்கும். பார்த்ததும் மூடிக்கொள்ளும். ஒரு காலையில் அந்த முகம் எத்தனை தடவை திறந்து மூடும் என்று என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊசியைப் பார்த்துக் கோப்பேன்.

ஜூஸ் கடைக்காரர் சும்மா இருப்பாரா? "என்ன அண்ணாச்சி, துப்புரவு வேலை கிடைச்சிருச்சா? சம்பளம் எவ்வளவு?"

"நீ போட்டதைத்தான் பொறுக்குதேன். நீ குடு."

ஜூஸ் கடைக்காரர் சிரித்தார். அன்றைக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் நான் கவனித்தேன். சீடர் இப்போது கத்திப் பேசுவதில்லை. பேசினால் கிட்டத்தில் வந்து பேசினார். மெஷினையும் வீசி வீசி ஓட்டுவதில்லை. முழங்காலை ஊன்றி, தட்டை ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்துவார். தூங்குகிற பிள்ளையின் மேல் கை வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

"வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று குரு ஒருநாள் கேட்டாள்.

"அப்படியேதான். கை கீழே போகும். தடவும். என்னைப் பார்ப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "முந்தி அவ பார்த்தா நான் எழுந்து வெளியே போயிருவேன். இப்பப் போறதில்ல. நானும் பார்க்கேன்."

"பார்த்து?"

"இன்னும் கிடைக்கலைன்னு தலையை ஆட்டுவேன். அவ கண்ணை மூடிக்கிடுவா."

பிறகு ஒரு முற்பகல். கரண்டு இருந்தது. டிரான்ஸ்பார்மர் இரைந்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு தாத்தா தன் குடும்பத்தைத் தேடுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீடர் துணி மாற்றுகிற அறைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். மெஷின் முனகியது. தட்டு திரும்பி வந்தது. அதே இடத்தில் முனகியது. மணலை வழித்தார். மறுபடி வைத்தார். அது அங்கேயே இருந்து கூப்பிட்டது.

அவர் கையை விட்டுத் துழாவினார். எடுத்தார். துடைக்கவில்லை.

வெகுநேரம் அவர் எழுந்திருக்காததால் நான் தலையைத் தூக்கினேன். குருவும் பார்த்துவிட்டாள். அவள் நடந்து வந்தாள், ஓடி வரவில்லை.

அவர் உள்ளங்கையில் கறுத்துப்போய் ஒன்று கிடந்தது. வளைந்து, வாய் விரிந்து. மெட்டிதான்.

சீடர் அதைத் திருப்பிப் பார்க்கவும் பயந்தார்.

"துடைங்க அண்ணாச்சி."

வேட்டி நுனியால் துடைத்தார். மேலே இருந்த வேலைப்பாடு தேய்ந்து வெறும் வரியாக இருந்தது. வாயோரத்தை உப்பு தின்றிருந்தது.

"வடிவோட வலது கால் மெட்டியும் இப்படித்தான் தேஞ்சு கிடக்கு," என்றார். பிறகு, "எந்தப் பொம்பளை மெட்டிதான் தேயாம இருக்கு?" என்றார்.

"ஆமா."

"இந்த மணல்ல எத்தனை பேர் கால் தட்டியிருப்பாங்க."

"நிறையப் பேர்."

அவர் குருவை அண்ணாந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் பார்த்தார்.

"இது அவளோடதுதானா குருவே?"

"என்கிட்டயா கேக்கீங்க?"

"வேற யார்கிட்ட கேக்க? கொண்டுபோய்ப் போட்டு, மறுபடியும் அவ சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது. முன்கூட்டியே அவகிட்டயே கேக்கலாம்னா, அவளுக்குத்தான் பேச்சு இல்லையே."

குரு குனிந்து, மணலில் முனகிக்கொண்டே கிடந்த மெஷினை அணைத்தாள்.

"இத்தனை நாளும் பேச்சு இருக்கிறதையா அண்ணாச்சி கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

சீடர் மெட்டியை மூடின கையைத் திறக்காமலே எழுந்தார். செருப்புப் போட மறந்து வெறுங்காலோடு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மெஷினும் குருவிடம்தான் இருக்கிறது. கேட்டால், "வந்தா வாங்கிக்கிடுவாரு," என்று மட்டும் சொல்கிறாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பஸ் வந்து நின்றால் கையில் இருக்கிறதை வைத்துவிட்டுப் பார்க்கிறேன். என்றைக்காவது அண்ணாச்சி முதலில் இறங்கி, கையைக் கொடுத்து, அந்த அம்மாவை மெல்ல இறக்கிக் கூட்டி வந்தால், நான் அவர்கள் காலைப் பார்க்க மாட்டேன், முகத்தைத்தான் பார்ப்பேன், பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த அம்மா… இந்தா வாரேன் அத்தை, பிள்ளை முழிச்சுட்டாளா, நீங்க தூக்காதீங்க, நானே…